நைலோன் கிட்டாரைத் தோளில் மாட்ட: தோட்டத்து வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஊவாவுக்குக் கிட்டார் புதிதல்ல. சிங்கள மெல்லிசைக்குள் எலக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையான கிளாரன்ஸ் விஜேவர்தன 1943இல் பிறந்தது அப்புத்தளையில்தான். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பொப் பாடல்களைப் பாடத் தொடங்கியபோது, அவை வானொலி வழியாக மலையேறி லயங்களுக்கும் வந்து சேர்ந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–1965) பிறகு கத்தோலிக்கக் கோயில்களில் வழிபாடு தாய்மொழிக்கு மாறியது. ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் கிட்டாரும் இடம்பிடித்தது. இன்று பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கத்தில் ஒரு பிள்ளை கிட்டார் கேட்டால், வீட்டார் முதலில் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் நைலோன் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டார். விரலை அறுக்காது, விலையும் தாங்கும்.

அந்தக் கிட்டாரில் பெல்ட் மாட்டப் பொத்தான் இருக்காது. நின்று வாசிக்கச் சொன்னால் பிள்ளை தடுமாறும். பெல்ட்டை எங்கே கட்டுவது, எப்படிக் கட்டினால் கிட்டாருக்கும் தோளுக்கும் கேடு வராது என்பதற்கே இந்தக் குறிப்புகள்.

1. முதலில் ஒரு சோதனை. வழக்கம்போல் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வையுங்கள். வலது முழங்கை கிட்டாரின் மேல் இருக்கட்டும். இப்போது இடது கையை முழுதாக எடுத்துவிடுங்கள். கழுத்துப் பகுதி கீழே சரிகிறதா? சரிந்தால், இதுவரை உங்கள் இடது கை இரண்டு வேலை செய்திருக்கிறது: சுரமும் பிடித்திருக்கிறது, கிட்டாரையும் தூக்கியிருக்கிறது. பார் கோர்ட் பிடிக்கும்போது கட்டைவிரல் அடியில் வலிப்பதற்கும், ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கை பிந்துவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். இடது கை சுரம் பிடிக்கத்தான் இருக்கிறது. தாங்குகிற வேலையை மடிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் கொடுத்துவிட வேண்டும். பெல்ட் அதற்குத்தான்.

2. உங்கள் கையில் இருப்பது கிளாசிக்கல் கிட்டார்தானா என்று பாருங்கள். தலைப்பகுதியில் இரண்டு நீள்துளைகள் இருக்கும், மூன்று தந்திகள் தெளிவான நைலோனாகவும் மூன்று தந்திகள் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியும் இருக்கும், கழுத்து அகலமாக இருக்கும். அப்படியானால் அதில் இரும்புக் கம்பி போடவே வேண்டாம். ஆறு நைலோன் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ இழுவை கொடுக்கும். இரும்புக் கம்பிகள் 70 கிலோவையும் தாண்டும். "சத்தம் கூட வரும்" என்று சொல்லி யாராவது மாற்றிக் கொடுத்தால், சில மாதங்களில் பிரிட்ஜ் பெயர்ந்து வரும், அல்லது முன்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும். அதன் பிறகு எந்தப் பெல்ட் மாட்டியும் பயனில்லை.

3. பொத்தான் ஏன் இல்லை? இது உட்கார்ந்து வாசிப்பதற்காக வளர்ந்த வாத்தியம். அதை எதில் சாய்ப்பது என்பதில் பெரிய வித்துவான்களே ஒருமித்த கருத்தில் இருக்கவில்லை. பெர்னாண்டோ சோர் மேசை விளிம்பில் ஒரு பக்கத்தைச் சாய்த்து வாசிக்கச் சொன்னார். அவருடைய நண்பர் டியோனிசியோ அகுவாதோ கிட்டாரைப் பிடித்துக்கொள்ள மூன்று கால் தாங்கி ஒன்றையே செய்வித்தார். பின்னர் பிரான்சிஸ்கோ தாரேகாவின் காலத்தில்தான் இடது காலைச் சிறு பலகையில் உயர்த்தி வைக்கும் முறை நிலைத்தது. ஆகவே பெல்ட் மாட்டுவது மரபை மீறுவது என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். கிட்டார் அசையாமல் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் எல்லோருக்கும் இருந்த கவலை. பிள்ளை ஆசிரியரிடம் கற்கிறது என்றால் மட்டும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

4. லய வீட்டுக்குப் பெல்ட் தனிப் பொருத்தம். 10 அடிக்கு 12 அடி அறையில் கட்டில், அலுமாரி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போக, கைப்பிடி இல்லாத நேர் கதிரை, கால் பலகை, தாள் வைக்கும் நிலை மூன்றையும் வைக்க இடம் எங்கே? பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்காரும். மெத்தை அமுங்கும், கால் பலகை சரியும், முதுகு வளையும். பெல்ட் இருந்தால் இரண்டு பாதங்களும் தரையில் பதியும்; இடுப்பு ஒரு பக்கம் சாயாது; இஸ்தோப்பில் நின்றும் பயிற்சி செய்யலாம். இடது காலை நெடுநேரம் உயர்த்தி வைத்து இடுப்பில் வலி கண்ட பெரியவர்களுக்கும் இதே வழி உதவும்.

5. முதல் வழி: நடுத்துளைக் கொக்கி. இதற்கு ஆணி அடிக்கவே தேவையில்லை. பெல்ட் வாசிப்பவரின் கழுத்தில் தொங்கி, நெஞ்சுக்கு முன்னால் இறங்கி, கிட்டாரின் முதுகுப்புறமாக அடியில் சுற்றி வந்து, அதன் முனைக் கொக்கி நடுத்துளையின் கீழ் விளிம்பைப் பிடிக்கும். கடைகளில் கிடைக்கும் மலிவான பெல்ட்டுகளில் இந்த வகை உண்டு. ஆனால் இது கிட்டாரைத் தாங்குமே தவிர, பிடித்துக்கொள்ளாது. இரண்டு கைகளையும் எடுத்தால் கிட்டார் முன்னால் கவிழும், கொக்கியும் கழன்றுவிடும். பாட்டுக்கு நடுவே கைதட்டவோ, பாட்டுத் தாளைத் திருப்பவோ கையை எடுப்பவர்களுக்கு இது ஆகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல கிளாசிக்கல் கிட்டாரின் முன்பலகை 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிப்புத்தான். துளையைச் சுற்றி உள்ளே வலுப்படுத்தும் பலகை ஒட்டியிருந்தாலும், வெறும் உலோகக் கொக்கி அந்த விளிம்பைத் தின்றுவிடும். கொக்கியில் மெல்லிய தோலையோ கம்பளித் துணியையோ சுற்றித் தைத்துவிடுங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போது மடிக்குத் துணையாக இந்தக் கொக்கி போதும். நடமாடி வாசிக்க இதை நம்பாதீர்கள்.

6. இரண்டாம் வழி: தலையில் கயிறு, அடியில் பொத்தான். பெல்ட்டின் ஒரு முனை கிட்டாரின் அடிப்பக்க நடுவில் பொத்தானில் மாட்டும். மறுமுனையில் ஒரு பருத்திக் கயிறோ சப்பாத்து நாடாவோ போட்டு, கிட்டாரின் தலையில் கட்ட வேண்டும். கயிறு தந்திகளுக்கு மேலே போகக்கூடாது. தந்திகள் கழுத்தைத் தாண்டித் தலைக்குள் இறங்கும் இடத்தில், தந்திகளுக்கு அடியால் நுழைந்து வரவேண்டும். முடிச்சு மேற்புறம் இருக்கட்டும். பின்புறம் இருந்தால் முதலாம் ஃப்ரெட்டில் கோர்ட் பிடிக்கும்போது கை அதில் இடிக்கும்.

"கழுத்து வளைந்துவிடாதா?" என்று கேட்பார்கள். கிளாசிக்கல் கிட்டார் மொத்தமே ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. அதில் ஒரு பங்குதான் அந்தக் கயிற்றில் விழும். தந்திகளின் 40 கிலோவை நாளெல்லாம் தாங்கும் கழுத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. கையின் வசதிதான் உண்மையான கேள்வி, கழுத்தின் பலமல்ல.

7. மூன்றாம் வழி: இரண்டு பக்கமும் பொத்தான். நின்று வாசிப்பவருக்கு இதுவே உறுதியானது. பாடகர் குழுவில் இருப்பவருக்கு நான் சொல்வதும் இதைத்தான். ஒரு பொத்தான் அடிப்பக்க நடுவில், உள்ளே அடிக்கட்டை இருக்கும் இடத்தில். மற்றொன்று கழுத்து கிட்டாரின் உடலோடு சேரும் தடித்த குதியில். அந்தக் குதியிலும், வாசிக்கும்போது தரையைப் பார்க்கும் பக்கத்தில் போடுங்கள். அங்கே போட்டால் பெல்ட் கிட்டாரின் முதுகை ஒட்டி வரும், கிட்டார் முன்னால் கவிழாது, மேல் ஃப்ரெட்டுகளுக்குப் போகும் கையையும் தடுக்காது.

ஆனால் கைவினைஞர் செய்த விலையுயர்ந்த கிட்டாரிலும், யாரோ நினைவாகக் கொடுத்துவிட்டுப் போன பழைய கிட்டாரிலும் துளை போடாதீர்கள். துளை போட்டால் போட்டதுதான்.

8. துளை போடுவதென்றால் இந்த ஒழுங்கில் செய்யுங்கள். கதவு நிலை செய்யும் பாஸிடம் அவசரமாகக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல், பக்கத்திலேயே நில்லுங்கள்.

தந்திகளைத் தளர்த்தி, சிறு கண்ணாடியும் டோர்ச்சும் கொண்டு நடுத்துளை வழியே உள்ளே பாருங்கள். அடிப்பக்கத்தில் மரக்கட்டை தெரிய வேண்டும். வெறும் மெல்லிய பக்கப்பலகை மட்டும் தெரிந்தால் அங்கே ஆணி நிற்காது. குதியையும் கவனியுங்கள்: பல கிட்டார்களில் குதி ஒரே மரமாக இராது, துண்டு துண்டாக அடுக்கி ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக் கோடு கூர்ந்து பார்த்தால் தெரியும். அந்தக் கோட்டில் துளை விழுந்தால் ஒட்டு விட்டுப்போகும்; கோட்டை விட்டு நடுமரத்தில் போடுங்கள்.

ஸ்குரு ஆணியின் தண்டைவிடச் சற்று மெல்லிய பிட்டை எடுத்து, எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த அளவில் அதில் ஒட்டு நாடா சுற்றிக்கொள்ளுங்கள். நாடா மரத்தைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். துளை போடும் இடத்திலும் ஒட்டு நாடா ஒட்டினால் மேற்பூச்சு சிதறாது. ஆணியின் புரியில் மெழுகுதிரியைத் தேய்த்து, கையால் முடுக்குங்கள். கடைசிச் சுற்றுகளுக்கு மெஷின் வேண்டாம். பொத்தானுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு வட்டக் கம்பளித் துண்டு வையுங்கள்.

9. பெல்ட் கழன்று விழாமலிருக்க, ஹாட்வெயார் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் தட்டையான ரப்பர் வாஷர் இரண்டு வாங்குங்கள். பெல்ட்டைப் பொத்தானில் மாட்டிய பின், அதற்கு மேல் வாஷரை இழுத்து நுழைத்துவிடுங்கள். மேடைக்காரர்கள் விலைகொடுத்து வாங்கும் பூட்டு செய்கிற வேலையை இது செய்துவிடும். ரப்பர் வெடிக்கத் தொடங்கினால் மாற்றுங்கள். கிட்டார் கீழே விழுந்து உடைந்ததற்குக் காரணம் தேடினால், பெரும்பாலும் பெல்ட் அறுந்திருக்காது, பொத்தானிலிருந்து நழுவியிருக்கும்.

10. பெல்ட்டை வீட்டிலேயே தைக்கலாம். கிளாசிக்கல் கிட்டாரின் பாரம் மிகக் குறைவு. 3, 4 கிலோ எலக்ட்ரிக் கிட்டாருக்குத் தேவைப்படும் தடித்த தோல் இதற்கு வேண்டியதில்லை. பழைய பாடசாலைப் பையின் பட்டி, அதன் நீளம் மாற்றும் வளையத்தோடு, நல்ல மூலப்பொருள். தோளில் அமரும் இடம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலம் இருக்கட்டும். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் வைக்கும் பெண்கள் அடியில் துணியை மடித்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய கயிறு எவ்வளவு சின்னப் பாரத்தையும் வெட்டும் பாரமாக்கிவிடும் என்பதை அவர்களைவிட யார் அறிவார்? அதே காரணத்துக்காகப் பெல்ட்டிலும் தோள்படும் இடத்தில் பழைய டெனிம் துணியை இரண்டு மடிப்பாக வைத்துத் தையுங்கள்.

உட்பக்கம் பருத்தியாக இருந்தால் சட்டையில் வழுக்காது. வழவழப்பான நைலோன் பட்டி கிட்டாரின் தலைப்பக்கத்தைக் கீழே இறங்க விட்டுவிடும். அப்போது இடது கை பழையபடி தூக்கத் தொடங்கிவிடும், பெல்ட் மாட்டியதன் பயனே போய்விடும்.

முனைகளுக்கு மட்டும் தோல் வேண்டும். டவுனில் செருப்பும் பையும் தைப்பவரிடம் கைவிரல் நீளத்தில் இரண்டு தோல் துண்டு வாங்குங்கள். பொத்தானின் கழுத்தளவுக்கு ஒரு துளை, அதிலிருந்து சின்னக் கீறல். பொத்தானின் தலை சற்றுச் சிரமப்பட்டு நுழைய வேண்டும். தோலைப் பட்டியோடு இணைக்கும்போது சதுரமாகத் தைத்து, அதற்குள் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு ஓட்டுங்கள். ஒற்றைத் தையல் ஒருநாள் விட்டுப்போகும்.

11. உலோகக் கொக்கியோ வளையமோ கிட்டாரின் முதுகில் படும் இடத்தில் வரக்கூடாது. நெஞ்சுக்கு மேலே, சட்டைமீது இருக்குமாறு அதன் இடத்தை மாற்றித் தையுங்கள்.

12. நீளத்தை இப்படி அளவெடுங்கள். முதலில் உட்கார்ந்து, கிட்டார் எங்கே இருந்தால் கைக்கு நன்றாக இருக்கிறதோ அங்கே வையுங்கள். தலைப்பகுதி தோளுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில், கழுத்து மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். பெல்ட் இடது தோளின் மேல் சென்று, முதுகின் குறுக்கே இறங்கி, வலது கைக்குக் கீழால் வரும். அந்த நிலையில் பெல்ட்டை இழுத்து இறுக்கி எழுந்து நில்லுங்கள். நின்ற பிறகும் கிட்டார் அதே உயரத்தில் இருந்தால் அளவு சரி. இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு வாசிப்பது ரொக் மேடைக்கு அழகாக இருக்கலாம். நைலோன் கிட்டாரின் அகன்ற கழுத்தில் அப்படி வாசித்தால் மணிக்கட்டு முறிகிற மாதிரி மடங்கும். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். கிடைத்த நீளத்தைப் பட்டியில் நூலால் ஓர் அடையாளம் போட்டு வையுங்கள். அண்ணனும் தங்கையும் ஒரே கிட்டாரை வாசிக்கும் வீட்டில் இரண்டு நிற நூல் போதும்.

13. தப்புக் கலைஞர்களிடம் கேளுங்கள். காமன் கூத்து ஆடும் மாசி, பங்குனி இரவுகளில் தப்பு அடிப்பவர் வாரை இடது தோளில் மாட்டி நெடுநேரம் நிற்பார், நடப்பார், குனிந்து சுழல்வார். வாத்தியம் உடம்பைவிட்டு விலகாது. அவர் ஆடத் தொடங்கும் முன் வாரை எத்தனை தடவை இழுத்துச் சரிபார்க்கிறார் என்று பாருங்கள். வாத்தியம் வாரில் தொங்குவதால்தான் நீண்ட மெல்லிய குச்சி பிடித்த இடது கையும், குட்டையான தடித்த குச்சி பிடித்த வலது கையும் தத்தம் வேலையைச் செய்ய முடிகிறது. ஊவாத் தோட்டங்களில் வார் கட்டி வாசிக்கும் அறிவு, கிட்டார் வருவதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக இருந்த அறிவு. பிள்ளைக்குப் பெல்ட் மாட்டத் தெரியவில்லையென்றால், இணையத்தில் தேடுவதற்கு முன் தோட்டத்தில் தப்பு அடிக்கும் பெரியவரிடம் கூட்டிப்போங்கள். மாமாவோ தாத்தாவோ, முறை சொல்லி மரியாதையோடு கேட்டால் மனதாரக் காட்டித் தருவார். அந்தக் கலைக்கு அதுவும் ஒரு மதிப்பு.

ஒன்றில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம். தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றுவார்கள். கிட்டாரை நெருப்புக்கோ அடுப்புக்கோ பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. ஒட்டுப் பசை இளகிவிடும்.

14. கொழுந்து பறித்து வந்த தோளுக்கு ஓய்வு முதலில். பகலெல்லாம் கூடையும் பையும் சுமந்து கழுத்தும் தோளும் கெட்டியாகிப்போன ஓர் அம்மாவோ அக்காவோ மாலையில் கிட்டார் கற்க ஆசைப்பட்டால், அந்த ஆசைக்குத் தடை சொல்லவே கூடாது. ஆனால் பெல்ட் மட்டும் போதாது. உட்கார்ந்து, பாரம் மடியில் இருக்க, பெல்ட் துணையாக மட்டும் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தோள்களைப் பின்னால் சுழற்றுங்கள். இடது தோள் காதை நோக்கி ஏறினால் பெல்ட் குட்டை என்று அர்த்தம். இரண்டு விரல் அளவு இறக்குங்கள். விரல் மரத்துப்போனாலோ, வலி கையில் இறங்கினாலோ அன்றைக்கு நிறுத்திவிட்டு, தொடர்ந்தால் வைத்தியரைப் பாருங்கள்.

15. சின்னப் பிள்ளைக்குப் பெரிய கிட்டாரைப் பெல்ட்டால் சரிக்கட்ட முடியாது. முழு அளவுக் கிட்டாரில் தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டர். அந்தோனியோ தெ தோரஸ் 19ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்திய அளவு இது. முக்கால் அளவுக் கிட்டாரில் 58 சென்டிமீட்டர் அளவில் வரும். பிள்ளையின் இடது கை, முழங்கை நிமிராமல் முதலாம் ஃப்ரெட்டை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் சிறிய கிட்டார்தான் மருந்து.

16. ஜூலை முதல் செப்டெம்பர் வரை காற்றைக் கவனியுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் வரும்போது காய்ந்த காற்றாக வருகிறது. உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கு வாசம் தருவதும் அதே காற்று. கிட்டாரின் முன்பலகையைக் காயவைத்து வெடிக்கவைப்பதும் அதே காற்று. அறையின் ஈரப்பதன் 45 வீதத்துக்கும் 55 வீதத்துக்கும் இடையில் இருப்பது கிட்டாருக்கு நல்லது. 40க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. ஃப்ரெட்டுகளின் ஓரம் கையைக் கீறத் தொடங்கினால் மரம் சுருங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மூடியில் துளைகள் போட்ட பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டிக்குள், நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பொஞ்ச் ஒன்றை வைத்துக் கிட்டார்ப் பைக்குள் தலைப்பக்கம் வையுங்கள். சொட்டுகிற ஸ்பொஞ்ச் வேண்டாம். இந்த மாதங்களில் பொத்தானின் ஆணியும் தளரும். கையால் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். துளை அகன்றுவிட்டால் பல்குத்தும் குச்சியில் மரப்பசை தடவி உள்ளே செருகி, நன்றாகக் காய்ந்த பின் ஆணியைத் திரும்ப ஏற்றுங்கள்.

17. ஒக்டோபர் பிந்திய மழையிலிருந்து ஜனவரி வரை கதை தலைகீழ். 680 மீட்டரில் இருக்கும் பதுளை டவுனிலும் ஈரம்தான். 1,400 மீட்டருக்கு மேல், மேகம் வீட்டுக்குள் நுழையும் அப்புத்தளைப் பக்கத்தில் தோல் பெல்ட் பச்சைப் பூஞ்சணம் பிடிக்காமல் தப்பாது. பூஞ்சணத்தை வெளியே கொண்டுபோய்க் காய்ந்த துணியால் துடையுங்கள். பிறகு வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியைச் சற்றே நனைத்துத் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். வெயிலிலோ அடுப்பங்கரையிலோ காயவைத்தால் தோல் வெடிக்கும். தேங்காயெண்ணெய் பூச வேண்டாம்: தோல் இளகிப் பொத்தான் துளை பெரிதாகிவிடும், சிக்கு நாற்றமும் வரும். இந்த மலைகளுக்குப் பருத்திப் பெல்ட்தான் என் முதல் விருப்பம். அழுக்கானால் துவைத்துவிடலாமே.

18. ரெக்சின், ரப்பர், பிளாஸ்டிக் பெல்ட்டைக் கிட்டாரின் மேல் சுற்றி வைத்துப் பையை மூடாதீர்கள். சில மேற்பூச்சுகளோடு அது வேதிவினை புரிந்து ஒட்டிக்கொள்ளும், அழியாத தழும்பு விழும். பெல்ட்டுக்குத் தனியே ஒரு துணிப்பை இருக்கட்டும்.

19. நத்தார் கரோலுக்குப் போகும் குழுவினர் கவனிக்க வேண்டியவை. டிசம்பர் இரவில், மழையில், லயத்துக்கு லயம் படிக்கட்டும் வழுக்குப் பாதையும் ஏறி இறங்க வேண்டியிருக்கும். நடக்கும்போது கிட்டாரை முன்னால் தொங்கவிட்டால் படி தெரியாது. பெல்ட்டோடு முதுகுப்புறம் சுழற்றிவிட்டு, ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நடங்கள். அதற்கு மேல் மழைக்கோட்டைப் போடலாம். நடுத்துளைக் கொக்கிப் பெல்ட் இந்த இரவுகளுக்கு வேண்டவே வேண்டாம். குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்தால், ஈரத்தைத் துடைத்து, சற்று நேரம் விட்டுச் சுருதி சேருங்கள்.

20. பஸ்ஸிலும் ரயிலிலும் போகும்போது பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பசறை, லுணுகலைப் பாதை வளைவுகளில் நெரிசல் பஸ்ஸில் தொங்கும் பெல்ட் இன்னொருவர் பையில் சிக்கி இழுபட்டால் பொத்தானே பெயர்ந்து வரும். ரயிலில் மேல்தட்டில் வைப்பதானால் முன்பலகைப் பக்கம் மேலே பார்க்கட்டும், தலைப்பகுதி வெளியே நீண்டு நிற்காதிருக்கட்டும். நீண்ட பயணத்துக்குத் தந்திகளை அரைச்சுற்றுத் தளர்த்தினால் போதும். முழுக்கக் கழற்றத் தேவையில்லை.

21. தந்தி மாற்றும் நாளே பெல்ட்டைப் பரிசோதிக்கும் நாள். தந்தி கழன்றிருக்கும் நேரத்தில் தையல், தோல் துளை, வாஷர், ஆணி நான்கையும் பார்த்துவிடுங்கள்.

22. பெல்ட்டைப் பிடித்துச் சுவராணியில் கிட்டாரைத் தொங்கவிடாதீர்கள். இரவெல்லாம் ஒரே பொத்தானில் பாரம் நிற்கும், காற்றடித்தால் சுவரில் மோதும். லயத்தின் வெளிச்சுவர் மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும், அடுப்பங்கரைச் சுவர் சூடேறும். இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரோரம், கட்டிலின் தலைமாட்டில், பைக்குள் போட்டு நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். முன்பலகை சுவரைப் பார்க்கட்டும்.